வெனீர் ஒட்டும் அலமாரிக் கதவுக்கு எத்தனை மி.மீ. பிளைவுட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பட்டறைக்கு வீட்டு வேலை கொடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்தது, "18 போடலாமா, 16 போதுமா?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட முடிந்தால் எனக்கும் நிம்மதி. முடிவதில்லை. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சமையலறை, படுக்கையறை அலமாரிகளின் கதவுகளை மட்டும் மனத்தில் வைத்து எழுதியது இது. வாசற்கதவு வேறு கதை.

வெனீர் கதவுக்குச் சரியான பிளைவுட் கனம்தான் என்ன?

அவசரமாகக் கடையில் நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு: முன்னும் பின்னும் 4 மி.மீ. வெனீர் பலகை (மெல்லிய பிளைவுட்டின்மேல் வெனீர் ஒட்டி வருவது) ஒட்டுவதாக இருந்தால் நடுவில் 12 மி.மீ. பிளைவுட். முன்னால் வெனீர் பலகை, பின்னால் மைக்கா (லேமினேட் தகடு) என்றால் 16. மரத்திலிருந்து தாள் போலச் சீவி எடுத்த வெறும் வெனீரை இரண்டு பக்கமும் ஒட்டுவதாக இருந்தால் 18 அல்லது 19.

மூன்று வழியிலும் முடிந்த கதவு ஏறக்குறைய 19 முதல் 20.5 மி.மீ.க்குள் வந்து நிற்பதைக் கவனியுங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிளைவுட்டை வாங்கிப் போட்டுவிட்டு, அதன்மேல் என்னென்ன ஏறுகிறதோ ஏறட்டும் என்று விட்டால், கதவு 24 மி.மீ.க்குப் போன பிறகுதான் கீல் மாட்டும் ஆள் தலையைச் சொறிவார்.

முடிந்த கதவு ஏன் 20 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்? கனமாக இருந்தால் நல்லதுதானே?

எங்கள் ஊரில் கனத்துக்கு ஒரு மரியாதை உண்டு. தட்டினால் "தொம்" என்று கேட்க வேண்டும் என்பார்கள். ஆனால் அலமாரிக் கதவு தனியாக நிற்பதில்லை, கீலில் தொங்குகிறது. இன்று எல்லோரும் போடுவது கதவின் முதுகில் 35 மி.மீ. விட்டத்தில் குழி வெட்டி, கிண்ணத்தைப் பதிக்கும் கீல். அந்தக் கிண்ணத்துக்கு 11.5 முதல் 13 மி.மீ. வரை ஆழம் வேண்டும். வெறும் 12 மி.மீ. பலகையில் குழி எடுத்தால் மறுபக்க வெனீரில் வெளிச்சம் தெரியும். 16 மி.மீ.க்குக் குறைந்த கதவில் இந்தக் கீலை மாட்ட நான் ஒப்புக்கொள்வதில்லை.

மேல் எல்லையும் இருக்கிறது. கதவு திறக்கும்போது கீல் பக்கத்து விளிம்பு ஒரு சிறு வட்டம் போட்டுத் திரும்புகிறது. கதவு கனக்கக் கனக்க அந்த மூலை பக்கத்துக் கதவை நோக்கி வெளியே தள்ளும். இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு நூல், அதாவது 3 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். 19, 20 மி.மீ. கதவுக்கு இது தாராளம். 24 மி.மீ. கதவில் பல கீல்களுக்கு இது போதாது. பக்கத்துக் கதவின் பீடிங்கை (ஓரத்தை மூட அடிக்கும் மரப்பட்டியை) சுரண்டிக்கொண்டே திறக்கும். கனத்த கதவுக்கென்று தனிக் கீல் கிடைக்கிறது, விலை கூடுதல். அதை வாங்க மனமிருந்தால் 24 போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வெனீர் அரை மி.மீ. தடிமன்தானே? அதற்கு இவ்வளவு கணக்கா?

குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. மரத்திலிருந்து சீவி எடுத்த வெனீர் அரை மி.மீ. அளவுதான். ஆனால் நம் கடைகளில் "வெனீர்" என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் அதுவல்ல. 3 மி.மீ. பிளைவுட்டின்மேல் அந்த அரை மி.மீ. வெனீரைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி, எட்டுக்கு நான்கு அடிப் பலகையாகத் தருகிறார்கள். மொத்தம் 3.5 முதல் 4 மி.மீ. (இந்த வகை அலங்காரப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 1328 என்று தனி இந்தியத் தரநிலையே இருக்கிறது.)

ஆக, வெளிநாட்டுக் காணொளியில் ஒருவர் அரை மி.மீ. தாளை 18 மி.மீ. பலகையில் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, அதே 18 மி.மீ. பலகையை வாங்கி வந்து, இங்கே கிடைக்கும் 4 மி.மீ. பலகையை ஒட்டினால் கணக்கு மூன்றரை மி.மீ. இடறும். பின்பக்க மைக்காவும் சேர்ந்தால் நான்குக்கு மேல். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இது வெறும் வெனீரா, பலகையில் ஒட்டியதா? மொத்தக் கனம் எவ்வளவு?"

கடைச் சீட்டில் 18 என்று இருக்கிறது. அளந்தால் 17.2 வருகிறது. ஏமாற்றமா?

சில நேரம் ஏமாற்றம். பல நேரம் வழக்கம். பிளைவுட்டைத் தொழிற்சாலையில் அழுத்திய பிறகு உப்புத்தாள் இயந்திரத்தில் தேய்க்கிறார்கள். எவ்வளவு தேய்த்தார்கள் என்பதைப் பொறுத்துக் கனம் மாறும். ஒரே பலகையில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் அரை மி.மீ. வித்தியாசம் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் பன்னிரண்டு கதவுகள். எட்டு பலகை வாங்கினோம், போதவில்லை. பத்து நாள் கழித்து அதே கடையில் இன்னும் இரண்டு. அதே பெயர், அதே முத்திரை, அதே "18". வெனீர் ஒட்டி, பீடிங் அடித்து, வரிசையாக மாட்டிவிட்டு எதிரே நின்று பார்த்தால் கடைசி மூன்று கதவுகள் உள்ளே போயிருந்தன. அளந்தேன்: முதல் தொகுதி 18.4, இரண்டாவது 17.1. கீலில் இருக்கும் முன்பின் திருகைக் கொண்டு ஒருவாறு சரிக்கட்டினோம். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் பீடிங்கின் கனம் மாறுவது இன்றும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை, சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து பையில் வெர்னியர் (கனத்தை நுட்பமாக அளக்கும் கருவி) இருக்கிறது. நான்கு மூலை, நீளவாட்டு நடுவில் இரண்டு இடம், மொத்தம் ஆறு இடத்தில் அளப்பேன். கதவுக்கு என்று எடுக்கும் பலகை எல்லாம் ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து. ஒரே சீரான கனத்துக்குத் தேய்த்த "கேலிபரேட்டட்" பிளைவுட் என்று விற்பதை வாங்கினால் இந்த வித்தியாசம் நன்றாகக் குறையும். கதவுக்கு அந்தக் கூடுதல் விலை தகும். உள்பெட்டிக்கு வேண்டாம்.

எங்கள் தச்சர் "ஆறு நூல்", "அரை இஞ்ச்" என்கிறார். கடையில் மி.மீ. எப்படிப் பொருத்துவது?

ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் 3.2 மி.மீ. அரை இஞ்ச் என்றால் கடையில் 12, ஐந்து நூல் என்றால் 16, முக்கால் இஞ்ச் அல்லது ஆறு நூல் என்றால் 18 அல்லது 19, கால் இஞ்ச் என்றால் 6. பேச்சுக்கு இது போதும். வெட்டுக்குப் போதாது. "ஆறு நூல்" என்று இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே ஒருவர் 17.5 மி.மீ.யையும் மற்றவர் 19 மி.மீ.யையும் நினைத்திருப்பார்கள். கதவின் கனத்தை மட்டுமாவது மி.மீ.யில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கோபித்துக்கொள்ளும் தச்சரை நான் பார்த்ததில்லை; அளவு எழுதித் தராத வீட்டுக்காரர்மேல்தான் அவர்களுக்குக் கோபம்.

முன்னால் வெனீர் பலகை, பின்னால் மைக்கா. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். வளையாதா?

வளையலாம். கதவு உயரம் இரண்டரை அடிக்குள் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதற்கு மேல் போகப்போக அதிர்ஷ்டம் குறைந்துகொண்டே வரும்.

பிளைவுட்டில் அடுக்குகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படை: ஐந்து, ஏழு, ஒன்பது. நடு அடுக்கின் இருபுறமும் ஒன்றுக்கு ஒன்று எதிர்ஜோடி. ஒரு பக்கம் ஈரத்தில் விரிந்தால் மறுபக்கமும் அதே அளவு விரிந்து இழுபறி சமமாகும். நீங்கள் முன்பக்கம் மட்டும் 4 மி.மீ. மரப் பலகையை ஒட்டும்போது அந்தச் சமன் போய்விடுகிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அது மரத்துக்குள் ஊறி, பிறகு காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். பின்னால் இருக்கும் மைக்காவோ கிட்டத்தட்ட ஈரத்தையே விடாத பொருள். மழைக்காலத்தில் முன்பக்கம் காற்றிலிருந்து ஈரம் வாங்கும், பின்பக்கம் வாங்காது. கதவு வில்லாகிறது.

எனவே விதி ஒன்றுதான்: முன்னால் என்ன ஒட்டுகிறீர்களோ, பின்னாலும் அதே தடிமனில், அதே தன்மையில் ஒட்டுங்கள். பின்னால் விலை கூடிய தேக்கு வெனீர் வேண்டாம். அதே தடிமனில் மலிவான வெனீர் பலகை போதும், அல்லது 4 மி.மீ. சாதாரணப் பிளைவுட்டை ஒட்டிச் சாயம் பூசலாம். முன்பக்கம் பாலிஷ் ஏற்றினால் பின்பக்கமும் பாலிஷ் ஏற்ற வேண்டும். பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று மிச்சம் பிடித்த பாலிஷ்தான் பல கதவுகளை வளைத்திருக்கிறது.

மைக்காதான் வேண்டும், துடைக்க எளிது என்றால், 16 மி.மீ. நல்ல பலகையை எடுத்து, முன்னால் 3.5, பின்னால் 0.8 மி.மீ. மைக்கா, மொத்தம் 20.3. சமையலறைச் சிறு கதவுகளுக்கு மட்டும். படுக்கையறை அலமாரிக்கு இதைச் செய்யாதீர்கள்.

நடுவில் வெறும் 12 மி.மீ. என்றால் பயமாக இருக்கிறது. வலு இருக்குமா?

12 மி.மீ. பலகையைத் தனியாகத் தூக்கிப் பார்த்தால் ஆடும், உண்மைதான். ஆனால் இருபுறமும் 3.5 மி.மீ. பலகை ஒட்டி அழுத்தியதும் அது 19 மி.மீ. ஒற்றைப் பலகை. உண்மையில் கடைப் பிளைவுட்டைவிட நேராகவே வரும், ஏனென்றால் பசை காயும்போது எந்த வடிவில் அழுத்தி வைத்திருக்கிறீர்களோ அந்த வடிவத்திலேயே உறைகிறது. வாங்கிய 12 மி.மீ. பலகையில் லேசான வளைவு இருந்தாலும் சமதளத்தில் அழுத்தினால் போய்விடும்.

அந்தச் சமதளம்தான் விஷயம். கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் தரையிலேயே பாலித்தீன் விரித்து, நான்கு கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பத்து சிமென்ட் மூட்டைகளை ஏற்றி, மறுநாள் காலை வரை விட்டோம். ஐந்நூறு கிலோ எடை. திருப்தியாக வீட்டுக்குப் போனோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் நான்கும் தாம்பாளம் போலக் குழிந்திருந்தன. அது குளியலறைக்குப் போகும் நடை. தண்ணீர் ஓடக் கொத்தனார் சரிவு விட்டிருந்தார். மூலைக்கு மூலை நூல் பிடித்தால் நடுவில் இரண்டு நூல் பள்ளம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருந்தார்.

இன்றைக்கு இரண்டு முழு பிளாக்போர்டை (உள்ளே மரக்கட்டைகள் அடுக்கி ஒட்டிய பலகை) மரக் குதிரைகள் எனும் தாங்கிகள்மேல் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் பசையைத் தொடுகிறோம். பக்கத்தில் அழுத்து இயந்திரம் வைத்திருக்கும் பட்டறை இருந்தால் அங்கே கொடுத்துவிடுவது இன்னும் உத்தமம்.

ஏற்கெனவே 19 மி.மீ. வாங்கி வெட்டியும் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்ய?

மூன்று வழி. ஒன்று, வெறும் வெனீர் கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினாலும் 20 மி.மீ.தான் வரும். சென்னையில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். சிறிய ஊர்களில் தேடுவது சிரமம். ஒட்டுவதற்குக் கைத்திறமை வேண்டும். அரை மி.மீ. தாள் அடியிலுள்ள ஒவ்வொரு ஆணிப் பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்; உப்புத்தாள் கொஞ்சம் அதிகமாகப் பட்டால் ஓட்டை.

இரண்டு, அந்த 19 மி.மீ. பலகையை அலமாரியின் பெட்டிக்குப் பயன்படுத்திக்கொண்டு கதவுக்கு 12 வாங்குங்கள். பெரும்பாலும் நான் சொல்வது இதுதான். பெட்டிக்கும் பிளைவுட் தேவைதானே?

மூன்று, கனத்த கதவுக்கான கீல்களை வாங்கி, இடைவெளியைக் கூட்டி, 26 மி.மீ. கதவாகவே செய்வது. கீல் கடைக்குக் கதவின் ஒரு துண்டை எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஏழு அடி உயர அலமாரிக் கதவு. இதற்கும் அதே கணக்கா?

கதவு உயர உயர எதிரி எடையல்ல, வளைவு. ஆனால் எடையையும் பார்த்துவிடுவோம். இரண்டு அடி அகலம், ஏழு அடி உயரம் என்றால் 1.3 சதுர மீட்டர். பிளைவுட் கன மீட்டருக்கு 650 கிலோ என்று வைத்துக்கொண்டால் 20 மி.மீ. கதவு ஏறக்குறைய 17 கிலோ, 23.5 மி.மீ. கதவு 20 கிலோ. அந்த மூன்று கிலோ தினமும் கீலின் திருகுகளில்தான் தொங்கும். மூன்று அடி வரை இரண்டு கீல், ஐந்து அடி வரை மூன்று, ஆறரை வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து என்று போடுங்கள். கீலில் சிக்கனம் பிடித்தால் கதவு வளைவதற்கு நாமே உதவி செய்கிறோம். நடுவில் பிடிப்பு இருந்தால் சிறு வளைவைக் கீலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே என்ன போடுவது? ஏழு அடிக்கு என் தேர்வு பிளாக்போர்டு. உள்ளே மரக்கட்டைகள் உயரவாட்டில் ஓடுவதால் நெடுக வளைவது குறைவு, எடையும் கொஞ்சம் குறைவு. கட்டைகள் குறுக்குவாட்டில் ஓடும்படி வெட்டிவிட்டால் பிளாக்போர்டு வாங்கிய பலனே போய்விடும். பலகை மிச்சம் பிடிக்கிறேன் என்று திருப்பிப் போட்டு வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெறும் வெனீரை நேராகப் பிளாக்போர்டில் ஒட்டினால் காலப்போக்கில் உள்கட்டைகளின் கோடுகள் மேலே தெரியவரலாம். 4 மி.மீ. பலகை அதை மறைக்கும். ஆனால் 19 பிளாக்போர்டுடன் இருபுறமும் 3.5 என்றால் 26. அதற்கான கீலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கீல் செலவு வேண்டாம் என்றால், ஏழு அடியை நாலேமுக்கால், இரண்டேகால் என்று கீழ்க்கதவு, மேல்கதவாகப் பிரித்துவிடுங்கள். மேலே பரணுக்கு ஒரு கதவு. நம் வீடுகளில் அதுதான் பழைய வழக்கமும்கூட. ஏழு அடி ஒற்றைக் கதவு விளம்பரப் படங்களைப் பார்த்து வந்த ஆசை.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடலாமா?

வெனீர் ஒட்டுவதற்கு அதைவிட வழவழப்பான முகம் கிடையாது, கனமும் சீராக இருக்கும். ஆனால் திருகு பிடிப்பது பிளைவுட்டைவிடக் குறைவு, சாதாரண வகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். உலர்ந்த அறையில் சிறு கதவுக்குச் சரி. சமையலறைத் தொட்டிக்குக் கீழே கூடாது.

பீடிங்கை வெனீருக்கு முன் அடிப்பதா, பின் அடிப்பதா? அளவு எப்படி?

பலகையில் ஒட்டிய வெனீர் என்றால் கட்டாயம் பின்னால். முன்னால் அடித்தால் 3 மி.மீ. பிளைவுட்டின் ஓரம் கோடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். வெனீர் பலகையின் ஓரத்தையும் சேர்த்து மூடத்தான் பீடிங். வெறும் வெனீர் என்றால் முன்னால் அடித்து, இழைப்புளியால் பலகையோடு சமமாக்கி, அதன்மேல் வெனீரை ஒட்டலாம். பீடிங்கே கண்ணுக்குத் தெரியாது, அழகு.

அளவில் அடிக்கடி நடக்கும் பிழை: முடிந்த கதவு 450க்கு 700 மி.மீ. என்றால், 6 மி.மீ. தேக்குப் பீடிங் நாலாபுறமும் வரும் என்பதால், பலகையை 438க்கு 688 ஆக வெட்ட வேண்டும். இதை மறந்து 450க்கு 700 வெட்டிவிட்டு, பிறகு ரம்பத்தால் நாலாபுறமும் சீவி நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பீடிங்கின் அகலம் கதவின் கனத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், பிறகு இழைத்துக்கொள்ளலாம். 19 மி.மீ. கதவுக்கு 19 மி.மீ. பட்டி வாங்கினால் எங்காவது ஓர் இடத்தில் போதாமல் போகும். இழைக்கும்போது கை வெனீர் பக்கம் சாய்ந்தால் அரை மி.மீ. போயே போய்விடும், கடைசி மயிரிழையை உப்புத்தாளுக்கு விட்டுவிடுங்கள்.

மரச்சட்டம் போட்டு நடுவில் வெனீர் பலகை வைக்கும் கதவுக்கு எவ்வளவு கனம்?

இது எனக்குப் பிடித்த கதவு. இங்கே மேலே சொன்ன 20 மி.மீ. கணக்கு சட்டத்துக்குத்தான். நடுப்பலகைக்குக் கனம் வேண்டியதில்லை. 3.5 மி.மீ. வெனீர் பலகைகள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டினால் 7 மி.மீ., இரண்டு பக்கமும் வெனீர், சமன் தானாகவே வந்துவிடுகிறது. 4 மி.மீ. என்றால் 8.

பலகை உட்காரும் பள்ளமான காடியைச் சட்டத்தில் வெட்டுவதற்கு முன் பலகையை ஒட்டிக் காயவைத்து, அளந்து, அந்த அளவுக்குக் காடி எடுங்கள். 6 மி.மீ. காடியை முதலில் எடுத்துவிட்டு, 6 மி.மீ. பலகை என்று வாங்கினால், அது 5.4 ஆக இருந்து லொடலொடவென்று ஆடும், 6.3 ஆக இருந்தால் சட்டத்தைப் பிளக்கும். பலகை விரலால் தள்ளினால் போக வேண்டும், கதவை உலுக்கினால் சத்தம் வரக் கூடாது. ஏழு அடிக் கதவுக்கும் இந்த அமைப்பு நன்றாக நிற்கும், சட்டத்தின் மரம் நன்றாகக் காய்ந்திருந்தால்.

பெட்டிக்கு உள்ளே அமரும் கதவு என்றால்?

கனம் அதேதான். ஆனால் உள்தட்டுகளைக் கதவின் கனத்துக்கு மேல் இன்னொரு 3 மி.மீ.யாவது பின்னால் தள்ள வேண்டும். 20 மி.மீ. கதவுக்கு 23 மி.மீ. உள்வாங்கல். இதை மறந்தால் கதவு தட்டில் இடித்துப் பாதியில் நிற்கும்.

சமையலறையில் மேலே வெனீர், கீழே மைக்காக் கதவு. இரண்டும் ஒரே கோட்டில் வருமா?

வரவைக்கலாம். மைக்காக் கதவு: 18 பலகை, முன்னால் 1, பின்னால் 0.8, ஆக 19.8. வெனீர்க் கதவு: 16 பலகை, 3.5, 0.8, ஆக 20.3. அரை மி.மீ. வித்தியாசத்தைக் கீலின் முன்பின் திருகு சரிசெய்துவிடும். இரண்டுக்கும் 18 மி.மீ.யே வாங்கினால் வித்தியாசம் இரண்டரை மி.மீ. ஆகும். மேலும் கீழும் தனித்தனி வரிசை என்றால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வந்தால் குழந்தைக்கும் தெரியும்.

எந்தப் பிளைவுட்? கடைக்காரர் 710 என்கிறார், 303 என்கிறார்.

இரண்டும் இந்தியத் தரநிலை எண்கள். ஐ.எஸ். 710 மரைன் வகை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. ஐ.எஸ். 303 பொதுவகை. தொட்டிக்குக் கீழே 710, மற்றக் கதவுகளுக்கு 303இல் தண்ணீர் தாங்கும் வகை போதும். இந்த எண்கள் ஒட்டின் தரத்தைச் சொல்கின்றன; கதவு நேராக நிற்குமா என்பதற்கு இவற்றை மட்டும் நம்ப முடியாது. நேராக நிற்பது உள்ளடுக்குகளைப் பொறுத்தது. பலகையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். அடுக்குகள் சீரான தடிமனில், இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும். அடுக்கு ஏறிய இடம் பின்னால் வெனீரில் மேடாகத் தெரியும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் இருப்பதில் ஒரு பகுதி கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்து வருகிறது; அங்கே ரப்பர் மரம் நிறையப் பயன்படுகிறது. அரியானாவின் யமுனாநகர்ப் பக்கம் பாப்லர் மரம். பாப்லர் லேசாக, தூக்க எளிதாக இருக்கும். கீல் திருகு அதில் பிடிப்பது குறைவு. கதவுக்கு நான் கொஞ்சம் கனத்த மரத்தையே எடுப்பேன்.

ஐப்பசி மழையில் ஒட்டலாமா?

தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால், பலகைகளை வேலை நடக்கும் அறையிலேயே ஒரு வாரம் இடைக்கட்டை வைத்து அடுக்கி வையுங்கள். சுவரில் சாய்த்து வைப்பதுதான் பெரிய பாவம். ஒட்டி முடித்ததும் அன்றே இரு பக்கமும் ஒரு கை சீலர் (பாலிஷுக்கு முன் பூசும் அடிப்பூச்சு).

கதவு வளைந்தேவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முதலில் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்து, நடுவில் அரை நூலுக்குள் இருந்தால் ஒரு கீலைக் கூட்டினாலே சமாளிக்கலாம். ஒரு நூல் என்றால், கதவின் முதுகில் நெடுகக் காடி வெட்டிப் பதித்து, திருகினால் இழுத்து நிமிர்த்தும் அலுமினியக் கம்பி கடைகளில் கிடைக்கிறது. உயரக் கதவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பின்பக்கம் பாலிஷ் இல்லாமல் இருந்தால் அதை ஏற்றிவிட்டு ஒரு மாதம் பொறுத்திருந்து பாருங்கள், சில நேரம் தானாகவே பாதி இறங்கிவிடும். இரண்டு நூலுக்கு மேல் வளைந்து, மூலையும் முறுக்கியிருந்தால் அதைப் பரணுக்குத் தட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தோம். ஆனால் கைப்பிடி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

கைப்பிடியோடு கொடுக்கும் திருகு பெரும்பாலும் 25 மி.மீ. நீளம். 19 மி.மீ. கதவில் அது ஆறு மி.மீ. கைப்பிடிக்குள் போய் இறுகும். உங்கள் கதவை அளந்து பாருங்கள், 23 அல்லது 24 இருக்கும். திருகு ஒன்றரை மி.மீ.தான் கைப்பிடியில் பிடித்திருக்கிறது. இறுக்க இறுக்க அந்த இரண்டு மரையும் தேய்ந்துபோகிறது. கைப்பிடிப் பெட்டியைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே மரையில் 30 மி.மீ. நீளத் திருகு கேளுங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் நீளமானதை வாங்கி இரும்பு ரம்பத்தால் வெட்டிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் ஒரு நட்டை ஏற்றி வைத்து, வெட்டிய பிறகு அதைக் கழற்றினால் மரை தானே சரியாகிவிடும்.